ஒரே மரமான ஆயிரம் வாழை

ஸ்ரீரங்கத்துக் காவேரிக் கரையில் ரஸ்தாளி பயிரிட்டோருக்கு வாடல் நோய் புதிய சங்கதியன்று. மண்ணிலுள்ள பூஞ்சை வேர்வழியே ஏறி நீர்நாளங்களை அடைக்க, மரம் மஞ்சளித்துச் சாய்கிறது. அடுத்த கொல்லைப் பூவனோ நிமிர்ந்து நிற்கிறது. வாழை கன்றினாலேயே பெருகுவது; ஆகவே ஒரு ஜாதியின் ஆயிரம் மரங்களும் வாஸ்தவத்தில் ஒரே மரம். எங்கோ ஒரு குருத்தில் மரபணு மாறினாலன்றி வேற்றுமை தோன்றுவதரிது. அமெரிக்கர் உண்ட குரோ மிஷேல் வாழை 1960-களில் இந்நோயினாலேயே வியாபாரத்தினின்று மறைந்தது. அதன் ஸ்தானம் பெற்ற கேவண்டிஷையும் அப்பூஞ்சையின் வேறொரு வகை பீடித்து, வட இந்தியாவிலும் புகுந்துவிட்டது. 1993-இல் திருச்சியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 300-க்கு மேற்பட்ட வகைகளைக் காக்கிறது. குடியானவனோ சந்தை கேட்பதையே நடுகிறான், அவன்மேல் குற்றமில்லை. பலவகை நடுபவனுக்கு நஷ்டம் நேரின் அதை ஏற்பவர் யார் என்பதைச் சர்க்கார் சொல்லட்டும்.