ராமென் கிண்ணத்தில் அப்பளக்காரம்

புனே கோரேகாவ் பார்க் பக்கம் ஒரு ஜப்பானிய உணவகம். ராமென் கிண்ணம் மேசைக்கு வந்ததும் கூட வந்திருந்த அத்தை குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "நூடுல்ஸ் மஞ்சளா இருக்கே, முட்டை போட்டிருக்கானா?" ராஸ்தா பேட்டையில் பல வருஷமாக இருப்பவர், முட்டை தொடமாட்டார். பரிமாறிய பையன் முட்டை இல்லவே இல்லை என்றான். நிறமியும் இல்லையாம். அப்படியானால் அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

விடை அத்தையின் சமையலறை அலமாரியிலேயே இருக்கிறது. நாம் அப்பளக்காரம் என்போம், மராட்டியில் பாபட்கார். ஜப்பானியர் ராமென் மாவில் சேர்க்கும் 'கான்சுயி' அதன் நெருங்கிய உறவு. சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்த கார உப்பு அது. (காரம் என்றதும் மிளகாயை நினைக்க வேண்டாம், இது அமிலத்துக்கு எதிரான காரம்.) நூறு கிராம் மாவுக்கு ஒரு கிராம் அளவு போதும். கோதுமை மாவு, தண்ணீர், உப்பு மட்டும் என்றால் கிடைப்பது வெள்ளை வெளேரென்ற உடோன் நூடுல்ஸ். அந்த ஒரு கிராம் விழுந்தால்தான் ராமென்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் சிவக்கிறதல்லவா? காரம் பட்டதும் மஞ்சளின் நிறமி நிறம் மாறுகிறது. கோதுமை மாவிலும் கண்ணுக்குத் தெரியாத ஃபிளேவனாய்டுகள் உண்டு. காரம் பட்டால் அவை மஞ்சளாகும். அத்தையின் சந்தேகத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

நிறம் சும்மா அலங்காரம். உண்மையான வேலை மாவுக்குள் நடக்கிறது. கோதுமையின் குளூட்டன் புரதம் காரத்தில் இறுகிப் பின்னிக்கொள்கிறது. மாவு கையால் பிசையச் சிரமமாகும் அளவுக்கு விறைக்கும். வெந்த இழை ரப்பர் மாதிரி துள்ளும், பல்லுக்கு எதிர்த்து நிற்கும். ராமென் பிரியர்கள் காசு கொடுப்பது அந்தத் துள்ளலுக்குத்தான் என்பது என் கட்சி.

இந்த வித்தை சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. உள் மங்கோலியாவின் சோடா ஏரித் தண்ணீரில் மாவு பிசைந்ததில் தொடங்கியது என்று சொல்வார்கள். அப்படி ஓர் ஏரி மகாராஷ்டிரத்திலும் இருக்கிறது. புல்டாணா மாவட்டத்து லோணார், எரிகல் விழுந்து பறித்த பள்ளம். அதன் தண்ணீர் கடுங்காரம்; முன்காலத்தில் அங்கே சோடா உப்பு அள்ளினார்கள். அதில் நூடுல்ஸ் பிசையும் யோசனை மட்டும் இங்கே யாருக்கும் வரவில்லை போலும்!

சாற்றுக்கு வருவோம். கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றுவது 'தாரே' என்னும் உப்புச் செறிவு. சோயா சாஸ், மிசோ, அல்லது வெறும் உப்பு. அதன்மேல்தான் கொதிக்கும் சாறு. சாற்றில் தனியாக உப்புப் போடும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. பன்றி எலும்பில் செய்யும் தொன்கொத்சு பால் போல வெளுத்திருக்கும். பால் சேர்ப்பதால் அல்ல. எலும்பை மணிக்கணக்கில் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து, உடைந்த கொழுப்புத் துளிகளைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். மெல்லிய தீயிலேயே வேகவைத்தால் சாறு தெளிவாகவே இருக்கும்.

அத்தைக்கு வந்த சைவக் கிண்ணத்தில் எலும்புக்கு வழியில்லை. கொம்பு என்னும் கடற்பாசியும் உலர்ந்த ஷீதாகே காளானும் அந்த இடத்தை நிரப்புகின்றன. கொம்புவின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908-இல் கண்டுபிடித்து அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தவர் தோக்கியோவின் கிகுனாயே இகேதா. ஷீதாகேயில் இருப்பது குவானிலேட். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டலாக ஏறுவதில்லை, பல மடங்காகிறது என்று பின்னர் அகிரா குனினாகா காட்டினார். இறைச்சி இல்லாமலே "கனமான சாறு" என்று அத்தை சொன்னதன் ரகசியம் இந்தக் கூட்டணி.

சாக்கணில் ஜப்பானியத் தொழிற்சாலைகள், ஊர் முழுக்க ஜப்பானிய மொழி படிக்கும் பிள்ளைகள், சிங்ககட் சாலையில் ஒகாயாமா நகரத்துத் தோட்டத்தை மாதிரியாக வைத்து அமைத்த பூங்கா என்று புனேக்கு ஜப்பான் அந்நியமல்ல. ஆனாலும் மேசையில் ஒரு தயக்கம் எல்லோருக்கும் வருகிறது: சத்தம் போட்டு உறிஞ்சலாமா? உறிஞ்சத்தான் வேண்டும். கூடவே போகும் காற்று இழையின் சூட்டைத் தணிக்கும், மணத்தைத் தொண்டை வழியே மூக்குக்கு ஏற்றும். உள்ளங்கையில் ரசம் வாங்கி உறிஞ்சியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பேசிக்கொண்டும் இருக்கக் கூடாது. சாற்றில் கிடக்கக் கிடக்க இழை ஊறித் துள்ளல் போய்விடும்.

அடுத்த வாரம் அத்தை மைதாவில் அப்பளக்காரம் போட்டு வீட்டிலேயே முயன்றார். கைப்பழக்கத்தில் அப்பளத்துக்குப் போடும் அளவு போட்டுவிட, இழையில் சோப்பு வாடை. மறுமுறை பாதியாகக் குறைத்தார். வாடை போயிற்று, மாவுதான் சப்பாத்திக் கட்டைக்கு அடங்காமல் சுருண்டு சுருண்டு திரும்பி வந்தது.