சிறு சங்கிலி வாளுக்குப் பொருத்தமான சங்கிலியும் பாரும்

கண்டிப் பெருவீதியில் கணவாயைக் கடந்து மேலேறியதும் காணப்படுவது கடுகண்ணாவை. இப்பகுதியின் வயல்கள் பரந்த வெளிகளில் அமைந்தவை அல்ல. இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பள்ளங்களில், படிப்படியாக வரம்பு கட்டிய சிறு வயல்களே பெரும்பான்மையாகும். வயலுக்கு மேலுள்ள சரிவில் வீட்டுத் தோட்டம் அமைந்திருக்கும். பலா, ஈரப்பலா, கித்துள், கமுகு, மிளகுக் கொடி படரும் சீமைக் கிளுவை, முள்முருங்கை ஆகியவை அங்கே அடர்ந்து வளர்கின்றன. இம்மரங்களால் குடும்பத்துக்கு உணவும் வருவாயும் கிடைக்கின்றன. எனினும், அவற்றின் கிளைகள் வயலின் மேல் நீண்டு நிழல் பரப்பும்போது நெற்பயிரின் விளைவு குறைகிறது. கதிர் உருவாகும் காலத்திலும் மணி முற்றும் காலத்திலும் வெயில் குறைந்தால் பதர் மிகும். போஞ்சி, தக்காளி, கத்தரி முதலிய மரக்கறிப் பாத்திகளிலும் நிழலால் காய்ப்புக் குறைவதோடு, இலைகளின் ஈரம் காயாமல் நோயும் பரவும்.

ஆகையால் ஆண்டுதோறும் கிளை தறித்தல் இப்பகுதிக் கமக்காரருக்கு இன்றியமையாத வேலையாகும். முன்னாளில் கத்தியும் கோடரியும் செய்த இவ்வேலையை இன்று பல வீடுகளில் சிறு சங்கிலி வாள் செய்கிறது. வாளை வாங்கும்போது அதனோடு சரியான சங்கிலியே வருகிறது. இடர் பின்னரே தோன்றுகிறது. முதற் சங்கிலி தேய்ந்த பின், “இதே நீளம்” என்று மட்டும் கூறி மற்றொன்றை வாங்குவதால் வாளும் கெடுகிறது, வாள் பிடித்தவரும் காயமடைகிறார். சங்கிலியை நீளத்தால் மட்டும் தெரிதல் ஆகாது என்பதே கமக்காரர் முதலில் அறிய வேண்டியது.

வெட்டுவதா, தறிப்பதா?

சங்கிலி வாள் கையில் இருப்பதால் மரத்தை அடியோடு வீழ்த்தலாம் என்று எண்ணுதல் தவறு. கண்டி மாவட்டம் மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களுள் ஒன்று. வயலுக்கு மேலுள்ள செங்குத்தான கரையை மரத்தின் வேர்களே பிடித்து வைத்திருக்கின்றன. மரம் வீழ்ந்தால் வேர் சில ஆண்டுகளில் உக்கிப் போகும். அதன்பின் பெருமழையில் கரை சரிந்து வயலை மூடக்கூடும். கிளையை மட்டும் தறித்தால் வயலுக்கு வெயிலும் கரைக்குப் பிடிப்பும் ஒருங்கே கிடைக்கும்.

சட்டமும் இதனை ஒட்டியே அமைந்துள்ளது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பலா, ஈரப்பலா முதலிய மரங்களைத் தம் சொந்த நிலத்திலேயாயினும் அனுமதியின்றி வெட்டுதல் கூடாது. ஐயம் உண்டாயின் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரித்தல் நன்று. 2019 ஆம் ஆண்டில் சங்கிலி வாள்களைப் பொலிசில் பதிவு செய்யும்படி அரசு பணித்தது. எனவே புதிதாக வாள் வாங்குவோர் பதிவு பற்றியும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

வாள் எவ்வாறு வெட்டுகிறது?

சிறு சங்கிலி வாளில் வெட்டும் வேலைக்குரிய உறுப்புகள் மூன்று. பற்கள் பொருந்திய சங்கிலி ஒன்று. அச்சங்கிலி ஓடும் தவாளிப்பை விளிம்பிலுடைய நீண்ட தகடு மற்றொன்று. கடைகளில் இதனைப் ‘பார்’ என்பர். இயந்திரத்தின் பக்கத்திலிருந்து சங்கிலியை இழுத்துச் சுழற்றும் பற்சில்லு மூன்றாவது.

சங்கிலியின் பல்லைக் கூர்ந்து நோக்கினால் இரு பகுதிகள் தெரியும். பின்னால் இருப்பது வளைந்த வெட்டும் விளிம்பு. முன்னால் இருப்பது வெட்டின் ஆழத்தை அளவோடு நிறுத்தும் சிறு மேடு. இவ்வடிவத்தை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த யோசப் கொக்ஸ் என்பவர் அமைத்தார். மரத்தை இடமும் வலமுமாக அரித்துச் செல்லும் வண்டின் புழுவைக் கண்டு, அதன் தாடைகளைப் போலவே சங்கிலியின் பற்களையும் இடம் வலமாக மாற்றி வைத்தார். 1947 ஆம் ஆண்டில் இச்சங்கிலியை விற்கத் தொடங்கினார். இன்று கடைகளில் கிடைக்கும் சங்கிலிகளில் மிகப் பெரும்பாலானவை அவ்வடிவத்தின் வழிவந்தவையே.

கேட்டு வாங்க வேண்டிய அளவுகள்

முதலாவது, ‘பிட்ச்’ எனப்படும் கண்ணி இடைவெளி. சங்கிலியில் அடுத்தடுத்துள்ள மூன்று தறையாணிகளை எடுத்து, முதல் ஆணியின் நடுவிலிருந்து மூன்றாம் ஆணியின் நடுவரை அளந்து, வந்த அளவை இரண்டால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். இவ்வளவு 12.7 மில்லிமீற்றர் ஆயின் அது 1/4 அங்குலப் பிட்ச், 16.5 மில்லிமீற்றர் ஆயின் 0.325 அங்குலப் பிட்ச். ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் ஆயின் 3/8 அங்குலப் பிட்ச். 3/8 அங்குலத்தில் இரு வகை உண்டு என்பதை மறத்தலாகாது. சிறு வாள்களுக்குரியது ‘லோ புரொபைல்’ எனப்படும் தாழ்ந்த பற்களையுடைய வகை. பெரிய வாள்களுக்குரியது உயர்ந்த பற்களையுடைய வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

இரண்டாவது, ‘கேஜ்’ எனப்படும் தடிப்பு. பாரின் தவாளிப்புக்குள் இறங்கி ஓடும் கண்ணியின் தடிப்பே இது. சிறு வாள்களில் 0.043 அங்குலமும் (1.1 மில்லிமீற்றர்) 0.050 அங்குலமும் (1.3 மில்லிமீற்றர்) வழக்கமானவை. 0.058, 0.063 அங்குலத் தடிப்புகள் பெரும்பாலும் பெரிய வாள்களுக்கு உரியவை.

மூன்றாவது, தவாளிப்பில் இறங்கும் கண்ணிகளின் எண்ணிக்கை. ஒரே 12 அங்குலப் பாராயினும், ஒரு வாளுக்கு 44 கண்ணிகளும் இன்னொரு வாளுக்கு 45 கண்ணிகளும் தேவைப்படலாம். ஆகவே பழைய சங்கிலியைத் தரையில் விரித்து, உட்புறமாக நீண்டிருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுகள் பாரின் அடிப்பகுதியில், இயந்திரத்தோடு சேரும் இடத்திற்கு அருகில், பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். சங்கிலியின் கண்ணியிலும் எண் இருக்கும். சான்றாக, ஒரிகன் சங்கிலியில் 91 என்ற எண் 3/8 அங்குல லோ புரொபைல் பிட்சையும் 0.050 அங்குலத் தடிப்பையும் குறிக்கும். 90 என்பது அதே பிட்சில் 0.043 அங்குலத் தடிப்பு. 25 என்பது 1/4 அங்குலப் பிட்சும் 0.050 அங்குலத் தடிப்பும் ஆகும். இவ்வெண்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். எனவே கடைக்குச் செல்லும்போது பழைய சங்கிலியையும் பாரையும் கையோடு கொண்டு செல்வதே மேலானது.

பொருத்தம் தவறினால் நேர்வது என்ன?

பிட்ச் மாறுபட்டால் சங்கிலி பற்சில்லின் பற்களில் சரியாக அமராது. சிறிது நேரம் ஓடுவது போலத் தோன்றினும், பற்சில்லும் கண்ணியும் ஒன்றையொன்று தின்று, முடிவில் சங்கிலி அறும் அல்லது பாரிலிருந்து கழன்று பாயும். பாரின் நுனியில் சிறு பற்சில்லு இருப்பின் அதன் பிட்சும் சங்கிலியின் பிட்சும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

தடிப்பு மிகுந்த சங்கிலி தவாளிப்பில் இறங்காது. ஆகவே இப்பிழை உடனே தெரிந்துவிடும். தடிப்புக் குறைந்த சங்கிலியே ஏமாற்றுவது. அது எளிதில் இறங்கும். ஆனால் ஓடும்போது பக்கவாட்டில் சாய்ந்து வெட்டைக் கோணலாக்கும். பாரின் விளிம்பையும் தேய்க்கும். எனவே “உள்ளே போகிறது, ஆதலால் பொருந்துகிறது” என்று முடிவு செய்தலாகாது.

கமக்காரருக்கு எது ஏற்றது?

சீமைக் கிளுவை, முள்முருங்கை ஆகியவற்றில் ஆண்டுதோறும் தறிக்கப்படும் கிளைகள் பெரும்பாலும் 2 முதல் 4 அங்குல விட்டமுள்ளவை. பலாவின் பக்கக் கிளைகள் 6 முதல் 8 அங்குலம் வரை இருக்கலாம். தறிக்கும் மரத்தின் விட்டத்தைவிட 2 அங்குலம் நீண்ட பார் போதும் என்பது பொது விதி. ஆகவே 10 அல்லது 12 அங்குலப் பார் வீட்டுத் தோட்டத்து வேலை அனைத்துக்கும் போதுமானது.

25 சீ.சீ. அளவான சிறு இயந்திரத்தில் 14 அல்லது 16 அங்குலப் பார் பூட்டுவதால் நன்மை இல்லை. நீண்ட சங்கிலியை இழுப்பதிலேயே இயந்திரத்தின் வலு செலவாகும். வாளின் முன்பாரம் கூடிக் கை சோரும். கண்ணுக்குத் தெரியாத மறுபக்கத்தில் நுனி வேறு கிளையில் மோதும். 14 அங்குலப் பாருக்கு 30 முதல் 40 சீ.சீ. வரையான இயந்திரம் தகும்.

பிட்சைப் பொறுத்தவரை, பொதுத் தோட்ட வேலைக்கு 3/8 அங்குல லோ புரொபைல் சங்கிலி சிறந்தது. இது எளிதில் கிடைக்கும், தீட்டுவதும் இலகு. 1/4 அங்குலச் சங்கிலியில் பற்கள் நெருங்கி இருப்பதால் மெல்லிய கிளைகளை அதிர்வின்றி வழுவழுப்பாக வெட்டும். மிளகுக் கொடிக்கு அருகே வேலை செய்வோருக்கு இது உகந்தது. ஆனால் பற்கள் மிகுதியாதலால் தீட்டும் நேரமும் மிகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்புவோர் சங்கிலி, பார், பற்சில்லு ஆகிய மூன்றையும் மாற்றுதல் வேண்டும். 0.325 அங்குலச் சங்கிலி வலிய இயந்திரத்துக்கு உரியது. சிறு வாளுக்கு வேண்டாம்.

மின்கலத்தால் இயங்கும் கைவாள்களும் இன்று சந்தையில் பரவியுள்ளன. 4 அல்லது 6 அங்குலப் பாருடைய இவை பெரும்பாலும் 1/4 அங்குலப் பிட்ச் உடையவை. 2 அங்குலத்துக்கு உட்பட்ட கிளைகளுக்கு இவை போதும். ஒரு கையால் பிடிக்கத்தக்கவை என்பதால் மறு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு அறுப்பது பலரின் வழக்கமாயிற்று. விரல் இழப்பதற்கு இதுவே வழி.

தீட்டுதலும் எண்ணெய் இடுதலும்

மழுங்கிய சங்கிலி தூளைத் தள்ளும். கூரிய சங்கிலி சிறு செதில்களைத் தள்ளும். தூள் மாவு போல வரக் கண்டால் உடனே நிறுத்தித் தீட்ட வேண்டும். 3/8 அங்குல லோ புரொபைல் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4.0 மில்லிமீற்றர் உருண்டை அரம் ஏற்றது. 1/4 அங்குலச் சங்கிலிக்கு வகைக்கேற்ப 3.2 அல்லது 4.0 மில்லிமீற்றர் அரம் வேண்டும். சரியான அளவு சங்கிலியின் பெட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையான இழுப்புகள், உள்ளிருந்து வெளியாக இழுத்தல் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கூடத் தீட்டினால் வாள் அப்பக்கமாக வளைந்து செல்லும். முன்மேட்டைப் பல்லின் விளிம்பைவிட ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் தாழ்வாக வைத்தால் போதும். அதனை மிகத் தாழ்த்தினால் பல் ஆழமாகக் கவ்வி வாள் கையை உதறும்.

இப்பகுதியில் சங்கிலியை விரைவில் கெடுப்பவை இரண்டு. ஒன்று, மழைக்காலத்தில் அடிமரத்தில் தெறித்து ஒட்டியிருக்கும் சேறு. மற்றொன்று, உயிர்வேலியாக நட்ட சீமைக் கிளுவையில் அறைந்த ஆணியும் முட்கம்பியும். ஆண்டுகள் செல்லச் செல்ல மரம் அவற்றை உள்ளடக்கிக்கொள்ளும். ஆகவே வேலி மரத்தில் கம்பி கட்டிய மட்டத்துக்கு மேலேயே தறித்தல் வேண்டும்.

பாரைச் சங்கிலி மாற்றும்போதெல்லாம் மேல்கீழாகத் திருப்பிப் பூட்டினால் இரு விளிம்புகளும் சமமாகத் தேயும். எண்ணெய்த் துளையையும் தவாளிப்பையும் மெல்லிய தகட்டால் சுரண்டித் தூய்மை செய்ய வேண்டும். வாகனத்திலிருந்து கழித்த பழைய எண்ணெயைச் சங்கிலிக்கு இடுதல் தகாது. அது நன்றாக ஒட்டாது. சிந்தும் துளிகள் வயல் நீரில் கலந்து மண்ணையும் கெடுக்கும்.

உயிர்க் காப்பு

ஓடும் வாளின் நுனியில் மேற்பாதி எதிலாவது பட்டால், வாள் மேலும் பின்னுமாக எகிறி வாள் பிடித்தவரின் முகத்தையோ கழுத்தையோ தாக்கும். இதனை ‘உதைப்பு’ என்பர். பாரின் நுனி எவ்வளவு சிறியதோ உதைப்பும் அவ்வளவு குறையும். சிறிய நுனியுடைய குறுகிய பாரும், உதைப்புக் குறைந்த வகைச் சங்கிலியும் சிறு வாளுக்கு ஏற்றவை என்பதற்கு இது மற்றுமொரு காரணமாகும். சங்கிலித் தடுப்பு வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

வாளை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தலாகாது. ஏணியில் நின்று இயக்கலாகாது. உயர்ந்த கிளைகளுக்கு நீண்ட தண்டில் பூட்டிய வாளையோ கைவாளையோ பயன்படுத்துக. சரிவில் வேலை செய்யும்போது, உருளும் கட்டைக்கு மேற்புறமாக நிற்க வேண்டும். மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளைகளைக் கமக்காரர் தொடுதல் கூடாது. மின் விநியோகப் பொறுப்பாளருக்கு அறிவிக்க வேண்டும்.

பாரமான கிளையை முதலில் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து வீழ்த்த வேண்டும். எஞ்சிய முளையைப் பின்னர் மட்டமாக அறுக்கலாம். இவ்வாறு செய்தால் பட்டை உரியாது, பாரும் இறுகாது.

தறிக்கும் காலம்

பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நிலம் பண்படுத்தத் தொடங்குமுன் தறித்தலே பயன் மிக்கது. அப்போது பயிருக்கு வெயில் திறந்துவிடப்படுவதோடு, சீமைக் கிளுவையின் இலையும் இளந்தண்டும் வயலுக்குப் பசளையாகின்றன. விதைப்புக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன் அவற்றைச் சேற்றில் மிதித்துப் புதைத்தால் தழைச்சத்துக் கிடைக்கும். தடித்த தண்டுகள் விறகுக்கும், நேரான தடிகள் போஞ்சிக் கொடிக்கு ஊன்றுவதற்கும் ஆகும்.

நினைவில் இருத்த வேண்டியவை

சங்கிலி வாங்குமுன் பிட்ச், தடிப்பு, கண்ணி எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்க. அவற்றோடு பாரின் நீளத்தையும் குறித்துக்கொள்க. சிறு வாளுக்கு 10 அல்லது 12 அங்குலப் பாரும் 3/8 அங்குல லோ புரொபைல் சங்கிலியும் பொதுவில் ஏற்றவை. தடிப்பைப் பாரில் பொறித்தபடியே கொள்க. ஐயமுள்ள இடத்தில் வாளோடு வந்த கைந்நூலைப் பார்க்க. அளவறிந்து பூட்டிய சங்கிலி வயலுக்கு வெயிலைத் தரும்; அளவறியாது பூட்டியதோ அதனைப் பிடித்த கையையே கேட்கும்.