மடிக்கணினியில் திரிதடையச் சோதனை

மடிக்கணினியில் திரிதடையச் சோதனை என்பது, பழுதுபட்ட மடிக்கணினியின் தாய்ப்பலகையில் தனி உறுப்புகளாகப் பற்றவைக்கப்பட்டுள்ள திரிதடையங்கள் சரிவர இயங்குகின்றனவா என்பதைப் பன்னளவி முதலிய கருவிகளைக் கொண்டு கண்டறியும் முறை ஆகும். டிரான்சிஸ்டர் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் திரிதடையமும், மல்டிமீட்டர் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் பன்னளவியும் இப்பணியின் இரு அடிப்படைப் பொருள்களாகும்.

தமிழ்நாட்டில் இத்தொழிலறிவின் தேவை பெருகியமைக்கு, 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டமும் ஒரு காரணம் எனலாம். பல இலட்சம் மாணவர்களின் வீடுகளில் முதற் கணினியாக நுழைந்த இவை, உத்தரவாதக் காலம் முடிந்தபின் திருச்சிராப்பள்ளியின் தென்னூர், தில்லைநகர் போன்ற பகுதிகளிலும் பிற ஊர்களிலும் உள்ள சிறு பழுதுநீக்கும் கடைகளுக்கே வந்து சேர்ந்தன. மாஸ்ஃபெட் எனப்படும் ஒரு திரிதடையத்தின் விலை சில பத்து ரூபாய்களே. தாய்ப்பலகை முழுவதையும் மாற்றினால் ஆகும் செலவோ பழைய மடிக்கணினியின் விலையையே எட்டிவிடக்கூடும். ஆகவே திரிதடையம் கெட்டதா, நல்லதா என்ற ஒரு முடிவைப் பொறுத்தே பல நேரங்களில் அக்கணினி பிழைப்பதும் குப்பைக்குப் போவதும் அமைகின்றன.

பெயரும் வரலாறும்

1947ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சான் பார்டீன், வால்ட்டர் பிராட்டேன் ஆகியோர் முதல் திரிதடையத்தை இயக்கிக் காட்டினர். இவர்களுக்கும் இவர்களது குழுத் தலைவர் வில்லியம் ஷாக்லிக்கும் 1956இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று மடிக்கணினிகளில் மிகுதியாகப் பயன்படும் மாஸ்ஃபெட் வகை, அதே ஆய்வகத்தில் 1959இல் முகமது அட்டல்லா, டாவோன் காங் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. மின்தடையைத் திரிக்கும், அதாவது வேண்டியவாறு மாற்றும் உறுப்பு என்ற பொருளில் தமிழில் திரிதடையம் என்ற சொல் ஆளப்படுகின்றது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் டிரான்சிஸ்டர் என்றால் நெடுங்காலம் கையடக்க வானொலிப் பெட்டியையே குறித்தது என்பது சுவையான செய்தி. 1939இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் ஒலிபரப்பை வயல் வரப்பில் அமர்ந்து கேட்க உதவிய பெட்டிக்கு, அதனுள் இருந்த உறுப்பின் பெயரே ஆகிவந்தது. 1954இல் அமெரிக்காவில் வெளிவந்த முதல் வணிகத் திரிதடைய வானொலியில் நான்கே திரிதடையங்கள் இருந்தன. 2020இல் வெளிவந்த ஒரு மடிக்கணினிச் சில்லில் சுமார் 1600 கோடி உள்ளன. சில்லுக்குள் இருப்பவற்றைத் தனித்தனியே சோதிக்க வழியில்லை. இக்கட்டுரையில் கூறப்படும் சோதனை, பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியும்படி உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

செயற்பாடு

திரிதடையம் ஒரு மதகுக்கு ஒப்பானது. திருச்சிராப்பள்ளி நகரினூடே ஓடும் உய்யக்கொண்டான் போன்ற வாய்க்காலில், ஒருவர் கைவலுவால் கதவைச் சற்றே உயர்த்தினால் பெருவெள்ளம் பாய்கின்றது. இறக்கினால் நிற்கின்றது. அவ்வாறே திரிதடையத்தின் ஒரு முனையில் தரப்படும் சிறு மின்குறிப்பு, மற்ற இரு முனைகளுக்கு இடையே பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றது.

இருமுனைச் சந்தித் திரிதடையத்தில் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று முனைகள் உள்ளன. அடிவாயில் பாயும் சிறு மின்னோட்டமே இதனை இயக்குகின்றது. மாஸ்ஃபெட்டில் கேட் எனும் வாயில், சோர்ஸ் எனும் ஊற்று, டிரெயின் எனும் வடிகால் ஆகியன உள்ளன. வாயிலுக்கும் ஏனைய பகுதிகளுக்கும் இடையே மிக மெல்லிய மின்கடத்தா ஆக்சைடுப் படலம் இருப்பதால் வாயிலினுள் மின்னோட்டம் தொடர்ந்து பாய்வதில்லை. அங்குள்ள மின்னழுத்தமே கதவைத் திறக்கின்றது. என்-வகை மாஸ்ஃபெட் ஊற்றைவிட வாயிலில் மின்னழுத்தம் உயரும்போதும், பி-வகை அது தாழும்போதும் திறக்கும்.

மாஸ்ஃபெட்டின் கெடுதல் பெரும்பாலும் ஒரே விதமானது. வடிகாலும் ஊற்றும் ஒட்டிக்கொண்டு, வாயிலின் கட்டளைக்குக் கட்டுப்படாமல் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். 2018 ஆகத்து 22 அன்று இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பகுதியின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது நிகழ்ந்ததைப் போன்றதே இதுவும். கதவு போனபின் கட்டுப்படுத்துவதற்கு ஏதுமில்லை.

தாய்ப்பலகையில் இவற்றின் பணி

மின்னேற்பி வழியாக மடிக்கணினிக்கு வருவது பெரும்பாலும் 19 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்னழுத்தம். பலகையின் உள்ளே தேவைப்படுவனவோ 5 வோல்ட், 3.3 வோல்ட், நினைவகத்துக்கு 1.5 அல்லது 1.2 வோல்ட், மையச் செயலிக்கு ஏறத்தாழ 1 வோல்ட் என வெவ்வேறானவை. இவ்விறக்கத்தைச் செய்வது இரு மாஸ்ஃபெட்டுகளும் ஒரு மின்தூண்டிச் சுருளும் கொண்ட சுற்றாகும். மேல்நிலை மாஸ்ஃபெட் 19 வோல்ட்டைச் சுருளுக்குள் ஒரு கணம் விடுகின்றது. அது மூடியதும் கீழ்நிலை மாஸ்ஃபெட் திறந்து, சுருளின் மின்னோட்டம் தடைபடாமல் சுற்றிவர வழி தருகின்றது. இம்மாற்றம் நொடிக்குச் சில இலட்சம் முறை நடைபெறுகின்றது. 19இலிருந்து 1 வோல்ட் பெறவேண்டுமாயின் மேல்நிலை மாஸ்ஃபெட் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 19இல் ஒரு பங்கு மட்டுமே திறந்திருக்கும். எஞ்சிய நேரமெல்லாம் சுமையைத் தாங்குவது கீழ்நிலை என்பதால், அவ்விடத்தில் இரண்டு மாஸ்ஃபெட்டுகள் இணையாக வைக்கப்பட்டிருப்பதைப் பல பலகைகளில் காணலாம்.

மின்சாரம் நுழையும் இடத்திலும் மாஸ்ஃபெட்டுகள் உள்ளன. ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் உள்ளேயும் அதன் கட்டமைப்பிலேயே ஓர் இருமுனையம், அதாவது டையோடு, அமைந்துவிடுகின்றது. கதவு மூடியிருந்தாலும் இதன் வழியே ஒரு திசையில் மின்சாரம் கசியும். ஆதலால் நுழைவாயிலில் இரண்டை எதிரெதிராக அமைத்து இரு திசைகளையும் அடைக்கின்றனர். 2என்7002 போன்ற சிறு மூன்றுகால் மாஸ்ஃபெட்டுகளும் இருமுனைச் சந்தித் திரிதடையங்களும் பெருமின்சாரத்தைச் சுமப்பதில்லை. ஒரு சுற்றை இயக்கவோ நிறுத்தவோ கட்டளை கடத்துவதே அவற்றின் வேலை.

இருமுனைச் சந்தித் திரிதடையத்தைச் சோதித்தல்

சோதனைக்கு முன் மின்னேற்பியையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, இயக்குபொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். பின்னர் பன்னளவியை டையோடு நிலையில் வைக்க வேண்டும்.

என்பிஎன் வகையாயின் சிவப்புக் கம்பியை அடிவாயிலும் கறுப்புக் கம்பியை மற்ற இரு முனைகளில் ஒவ்வொன்றாகவும் வைத்தால் 0.6 முதல் 0.7 வரை காட்டும். உமிழ்ப்பான் பக்க அளவு, ஏற்பான் பக்க அளவைவிடச் சற்றே கூடுதலாக இருப்பது வழக்கம். எந்தக் கால் எது என்று தெரியாதபோது இச்சிறு வேறுபாடே வழிகாட்டும். கம்பிகளை மாற்றினால் அளவு காட்டாது. ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே எத்திசையிலும் கடத்தக்கூடாது. பிஎன்பி வகைக்கு இவையனைத்தும் தலைகீழ். பலகைகளில் உள்ள சில திரிதடையங்களின் உறைக்குள்ளேயே மின்தடையங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். அவை மேற்சொன்ன அளவுகளைக் காட்டாமை கொண்டே கெட்டவை என முடிவு செய்தல் பிழை.

பழைய ஊசி மீட்டரைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ஊசி மீட்டர்களில் ஓம் அளவையின்போது கறுப்புக் கம்பியே நேர்மின்முனை. இதனை அறியாதவர் என்பிஎன்னைப் பிஎன்பி என்று குறித்துவைப்பதுண்டு.

மாஸ்ஃபெட்டைச் சோதித்தல்

எட்டுக்கால் உறையில் பெரும்பாலும் 1, 2, 3 ஆகிய கால்கள் ஊற்று, 4 வாயில், 5 முதல் 8 வரை வடிகால் ஆகும். பலகையிலிருந்து கழற்றிய என்-வகை மாஸ்ஃபெட்டின் ஊற்றில் சிவப்பும் வடிகாலில் கறுப்பும் வைத்தால், உள்ளமைந்த இருமுனையம் 0.4 முதல் 0.6 வரை காட்டும். கம்பிகளை மாற்றினால் அளவு காட்டக்கூடாது. வாயிலுக்கும் மற்ற முனைகளுக்கும் இடையே எத்திசையிலும் கடத்தல் கூடாது. பி-வகையில் சிவப்பை வடிகாலில் வைத்தால்தான் இருமுனைய அளவு கிடைக்கும்.

தொடக்கநிலையாளர் பலரும் தவறுவது இதற்கடுத்த படியிலேயே. வாயில் ஒரு சிறு மின்தேக்கியைப் போலச் செயற்படுவதால், பன்னளவியின் சிவப்புக் கம்பி ஒருமுறை அதனைத் தொட்டாலே மின்னூட்டம் தங்கிவிடும். அதன்பின் வடிகாலுக்கும் ஊற்றுக்கும் இடையே அளந்தால், நல்ல மாஸ்ஃபெட்டும் இரு திசையிலும் கடத்தும். இது கெட்டுப்போனதன் அடையாளமன்று, நன்றாக வேலை செய்வதன் அடையாளம். மூன்று முனைகளையும் இடுக்கியால் ஒருசேரத் தொட்டு மின்னூட்டத்தை நீக்கியபின் மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் இரு திசையிலும் கடத்தினால் மட்டுமே அது கெட்டது. மின்னூட்டினால் திறப்பதும் நீக்கினால் மூடுவதும் கண்டால் மதகு வேலை செய்கின்றது என்று பொருள். சில மாஸ்ஃபெட்டுகளைத் திறக்கப் பன்னளவியின் மின்னழுத்தம் போதாமற் போவதும் உண்டு.

பலகையில் வைத்தே அளத்தல்

கழற்றாமல் அளக்கும்போது திரிதடையத்தை மட்டுமன்றி அதனோடு இணைந்த சுற்றையும் சேர்த்தே அளக்கின்றோம் என்பதை மறத்தலாகாது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மையச் செயலிக்கான கீழ்நிலை மாஸ்ஃபெட். அதன் ஊற்று தரையோடும், வடிகால் சுருள் வழியாகச் செயலியோடும் இணைந்துள்ளது. ஆகவே அவ்விரு முனைகளுக்கு இடையே கிடைக்கும் அளவு உண்மையில் செயலியின் தடையே ஆகும். செயலிக்கு அது சில ஓம்களே இருக்கும். வரைகலைச் செயலியாயின் 1 ஓமுக்கும் குறைவாக இருப்பதுண்டு. பன்னளவி ஒலி எழுப்புவதைக் கேட்டு, நல்ல மாஸ்ஃபெட்டைக் கழற்றி வீசுவது இதனால்தான். ஒலியை நம்பாமல், கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டுக் கிடைக்கும் அளவைக் கழித்து ஓம் கணக்கில் அளவிட வேண்டும்.

மேல்நிலை மாஸ்ஃபெட்டைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 19 வோல்ட் தடத்துக்கும் தரைக்கும் இடையே வழமையாகப் பல ஆயிரம் ஓம் தடை காணப்படும். அவ்விடத்தில் சுழியம் காட்டினால், ஒட்டிக்கொண்ட ஒரு பீங்கான் மின்தேக்கியே காரணமாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. சுழியமாக இல்லாமல், செயலித் தடத்தின் தடைக்கு நெருங்கிய சில ஓம்களைக் காட்டினால், மேல்நிலை மாஸ்ஃபெட் ஒட்டிக்கொண்டு 19 வோல்ட் தடத்தைச் செயலியோடு நேரே இணைத்துவிட்டது என ஐயுற வேண்டும். இதனை உறுதிசெய்ய அதன் வடிகாலுக்கும் ஊற்றுக்கும் இடையே நேரடியாக அளக்கலாம்.

இவ்வேறுபாட்டை அறியாமை செயலியையே அழித்துவிடும். தடத்தில் குறுக்குச்சுற்றைத் தேடுவோர், ஆய்வு மின்வழங்கியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தி, சூடாகும் உறுப்பைக் கண்டறிவது வழக்கம். பலகையின் மீது ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தெளித்தால் சூடான இடத்தில் அது முதலில் உலரும். ஆனால் மேல்நிலை மாஸ்ஃபெட் ஒட்டியிருக்கும் பலகையின் 19 வோல்ட் தடத்தில் அவ்வாறு 5 வோல்ட் செலுத்தினாலும், அது 1 வோல்ட்டுக்கென அமைந்த செயலியினுள் நேரே பாயும். ஆதலால் மேல்நிலை மாஸ்ஃபெட்டுகள் அனைத்தையும் முதலில் அளந்து, பின்னரே மின்சாரம் செலுத்த வேண்டும். அப்போதும் 1 வோல்ட்டிலிருந்து தொடங்குவதே முறை. மின்வழங்கியின் மின்னோட்ட வரம்பு, பழைய தொலைக்காட்சிப் பழுதுநீக்குவோர் தொடரிணைப்பில் மாட்டிய குண்டு பல்பின் வேலையையே செய்கின்றது. கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து மேலும் பொருள் எரிவதை அது தடுக்கும்.

பிற்காலப் பலகைகள் சிலவற்றில் மேல்நிலை, கீழ்நிலை மாஸ்ஃபெட்டுகளும் அவற்றை இயக்கும் சுற்றும் ஒரே உறைக்குள் அடங்கியுள்ளன. அவற்றில் வாயிலைத் தொட்டுச் சோதிக்க இயலாது. உள்வரும், வெளிச்செல்லும், தரை முனைகளுக்கு இடையேயான தடையை, அதே பலகையின் மற்றோர் ஒத்த உறுப்போடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

மாற்றுதல்

மாற்று உறுப்பு என்-வகையா பி-வகையா என்பதும், கால்களின் வரிசையும் ஒத்திருக்க வேண்டும். 19 வோல்ட் தடத்தில் 30 வோல்ட் தாங்குதிறன் உள்ளவை வழக்கமாகப் பயன்படுகின்றன. பி-வகையில் ஏஓ4407 இவ்வாறு 30 வோல்ட் தாங்குவது. திறந்த நிலைத் தடை மூல உறுப்பைவிடக் கூடுதலாக இருந்தால் மாற்றியது மிகச் சூடாகும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் புதிய உறுப்புகள் கிடைக்கும். எனினும் பழைய பலகைகளிலிருந்து கழற்றி, சோதித்துப் பயன்படுத்துவோரும் பலர். மேற்பரப்பில் எண்ணை மாற்றி அச்சிட்ட போலிகளைவிட இது நம்பகமானது என்ற கருத்து பழுதுநீக்குவோரிடையே உண்டு.

வாயிலின் ஆக்சைடுப் படலம் பொதுவாக 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. உடலில் தேங்கும் நிலைமின்சாரமோ ஆயிரக்கணக்கான வோல்ட்டை எட்டவல்லது. எனவே தரையிணைப்பு உள்ள மணிக்கட்டுப் பட்டை அணிதல் நன்று. புதிய மாஸ்ஃபெட்டைப் பற்றவைத்தவுடன் மின்னேற்பியை மாட்டிப் பார்க்கும் ஆவல் இயல்பே. ஆனால் வாயிலை இயக்கும் சில்லு கெட்டிருந்தாலோ, சுருளுக்கு அப்பால் குறுக்குச்சுற்று இருந்தாலோ புதியதும் நொடியில் எரியும். ஒரே மாஸ்ஃபெட் இரண்டாம் முறையும் எரிந்தால் அதனை மூன்றாம் முறை மாற்றுவதற்கு முன், அதன் வாயில் காலிலிருந்து இயக்குச் சில்லு வரையுள்ள மின்தடையங்களையும் அச்சில்லின் தரைத் தடையையும் அளந்து பார்த்தல் வேண்டும்.