பட்டாவை லேமினேட் செய்தால் போதுமா?

பாகலூர், பேரிகை, தளி பக்கம் நிலம் வாங்க வருகிறவர்கள் மண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, "பட்டா, வில்லங்கம் இருந்தா வாட்ஸ்அப்புல போடுங்க" என்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லிலும் நிலம் உள்ள குடும்பம் என்றால், இங்கே தமிழில் பட்டா, அங்கே கன்னடத்தில் பஹணி. இப்போது இரண்டும் கம்ப்யூட்டரில்தான் கிடைக்கின்றன. ஓசூர் சிப்காட் தொழிலாளியின் படிவம் 16, பி.எஃப். பாஸ்புக் எல்லாமும் பிடிஎஃப்தான்.

வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தாலும் பழக்கம் மாறவில்லை. பிரவுசிங் சென்டரில் எடுத்து, பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து பீரோவில் வைக்கிறோம். ஃபைல் அந்தக் கடையின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கிறது, நம் ஆதார் எண்ணையும் சேர்த்து. அசலை விட்டுவிட்டு நகலைப் பூட்டி வைக்கிற வேலை இது.

பதிவுத்துறை தளத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்றில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அது கணக்குப் போட்டு உருவாக்கப்பட்ட முத்திரை. பிறகு யாராவது சர்வே எண்ணில் ஒரு இலக்கத்தைத் திருத்தினாலும் கணக்கு இடறும். அக்ரோபேட் ரீடர் காட்டிக்கொடுத்துவிடும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கையெழுத்துக்கு நிகராக ஏற்பது ஃபைலுக்குள் இருக்கும் இந்த முத்திரையைத்தான். காகிதத்தில் விழுவது அதன் படம். பட்டா பிரிண்டில் குறிப்பு எண்ணாவது இருக்கும். வாங்குகிறவர் இ-சர்வீசஸ் தளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இ-ஆதாரை எடுத்துக்கொள்வோம். பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு. திறந்ததும் கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரியும். போலி என்று பதற வேண்டாம். கையெழுத்திட்டவரை உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் அறியவில்லை, அவ்வளவுதான். ரீடரில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து, கையொப்ப விவரத்துக்குள் போய், சான்றிதழ் யாருடையது என்று பார்த்து, நம்பகமானது எனச் சேர்த்துவிட்டு மறுபடி சரிபார்த்தால் பச்சை டிக் வரும். குரோமில் திறந்தால் கேள்விக்குறி எத்தனை நாளானாலும் அப்படியேதான் இருக்கும்.

பாஸ்வேர்டு தொல்லை வேண்டாமென்று 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்துப் புது ஃபைல் ஆக்குகிறவர்கள் நிறைய. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கையொப்பம் போய்விடும். டவுன்லோட் செய்ததை அப்படியே வைத்துக்கொள்வதுதான் சேமிப்பு.

டி.டி.பி. கடையில் அடித்த கிரய ஒப்பந்தத்தின் தொல்லை வேறு மாதிரி. பென் டிரைவில் வேர்டு ஃபைலாகக் கொண்டுவந்து வீட்டில் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கும். ஃபைல் கெட்டுவிடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர் உள்ளதைத்தானே காட்டும்? யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுவிட்டது. கடைகளில் பழைய விசைப்பலகைப் பழக்கம் இன்னும் விடவில்லை. கடையிலேயே எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஒன்றும், திருத்துவதற்கு வேர்டு ஃபைல் ஒன்றும் கேட்டு வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அல்ல, டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். போட்டோ சுருங்கிப்போனால் க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகாது. வந்ததை உடனே கம்ப்யூட்டரில் இறக்கி, ஊர், சர்வே எண், எடுத்த தேதி மூன்றையும் பெயராக வைத்து, பென் டிரைவிலும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். கடனுக்குப் போனால் வங்கி எப்படியும் புதிய வில்லங்கம்தான் கேட்கும். அதற்காகப் பழையதை அழிக்காதீர்கள்; இரண்டு சான்றுகளுக்கும் இடையில் நிலத்தின் மேல் என்ன பதிவானது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.