கார்ட்லெஸ் டிரில் வாங்கப் போறீங்களா? முதலில் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள்!

புதிதாகக் குடிபோன வீடு. ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்ட வேண்டும். சாமி அலமாரியைச் சுவரில் பொருத்த வேண்டும். பீரோ கதவின் கீல் வேறு கழன்று ஆடுகிறது. எல்லாமே பத்து நிமிட வேலைகள்தான். ஆனால், இதற்காக ஆசாரியை அழைத்தால், "சின்ன வேலைதானே சார், ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்பார். எந்த ஞாயிறு என்பது அவருக்கே தெரியாது!

இப்படிக் காத்திருந்து சலித்தவர்கள்தான் கார்ட்லெஸ் டிரில் தேடுகிறார்கள். தேடினால் 12 வோல்ட், 18 வோல்ட், 20 வோல்ட், 48 வோல்ட் என்று எண்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கியவர்களில் பலர், ஜன்னலுக்கு மேலே துளை போடும்போதுதான் திகைத்து நிற்கிறார்கள். டிரில் சுற்றுகிறது, பிட் சூடாகிறது, துளை மட்டும் விழவில்லை. பழுது டிரில்லில் இல்லை. எதைத் துளைக்கப் போகிறோம் என்று பார்க்காமல் வாங்கியதுதான் காரணம்.

மரமா, செங்கல்லா, கான்கிரீட்டா?

நம் வீடுகளில் துளை போடும் இடங்கள் மூன்று வகை.

மரமும் பிளைவுட்டும் முதல் வகை. கதவு, கட்டில், அலமாரி வேலைகளுக்குச் சாதாரண 'டிரில் டிரைவர்' போதும். இது சுற்ற மட்டுமே செய்யும், தட்டாது. எடை குறைவு, கைக்கு அடக்கம்.

இரண்டாவது, சிமென்ட் பூசிய செங்கல் சுவர். இதற்குச் சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் வேகமாகத் தட்டும் 'ஹாமர்' வசதி வேண்டும். கடைகளில் இதை 'இம்பாக்ட் டிரில்' என்பார்கள். 'இம்பாக்ட் டிரைவர்' என்பது வேறு கருவி. அது ஸ்க்ரூவை முடுக்கும் திசையில் தட்டும். சுவரில் துளை போட உதவாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஆர்டரில் மாறிப்போக வாய்ப்புண்டு.

மூன்றாவது கான்கிரீட். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டல் பெரும்பாலும் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். திரைச்சீலைக் கம்பிக்கான துளைகள் பல வீடுகளில் சரியாக அங்கேதான் விழும். சிறிய கார்ட்லெஸ் டிரில் அங்கே திணறும். அதற்கானது 'ரோட்டரி ஹாமர்'. வருடத்துக்கு நான்கு துளைக்காக அதை வாங்க வேண்டியதில்லை. வாடகைக்கு எடுக்கலாம், அல்லது அந்த வேலைக்கு மட்டும் ஆளை அழைக்கலாம்.

20 வோல்ட் பெரிதா, 18 வோல்ட் பெரிதா?

இரண்டும் ஒன்றுதான்! லித்தியம் அயான் பேட்டரிக்குள் சின்னச் சின்ன செல்கள் இருக்கும். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல் சேர்ந்தால் 18 வோல்ட். முழுதாக சார்ஜ் ஏறிய நிலையில் அதே செல் 4 வோல்ட்டைத் தாண்டும். அதைக் கணக்கில் எடுத்து '20 வோல்ட் மேக்ஸ்' என்று அச்சிடுகிறார்கள். இதேபோல 12 வோல்ட் என்பது மூன்று செல், அதாவது 10.8 வோல்ட்.

இந்தக் கணக்கு தெரிந்தால், மலிவு விலை '48 வோல்ட்' டிரில்லின் குட்டும் உடைந்துவிடும். நிஜமாகவே 48 வோல்ட் வேண்டும் என்றால் 13 செல்கள் தேவை. உள்ளங்கையில் அடங்கும் பேட்டரிக்குள் அத்தனை செல்கள் எப்படி இருக்க முடியும்?

வோல்ட்டோடு 'ஆம்பியர் அவர்' எண்ணையும் பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 36 வாட் அவர், 10.8 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 21.6. ஒரு சார்ஜில் எவ்வளவு வேலை நடக்கும் என்பதை இந்தப் பெருக்கல் சொல்லிவிடும்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

*முறுக்கு விசை:* நியூட்டன் மீட்டரில் இருக்கும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர். வீட்டு மர வேலைக்கு 30 இருந்தால் தாராளம். கடினமான மரத்தில் நீளமான ஸ்க்ரூ இறக்குபவர்கள் 40-க்கு மேல் பார்க்கலாம்.

*கிளட்ச் வளையம்:* டிரில்லின் கழுத்தில் 1, 2, 3 என எண்கள் இருக்கும் வளையம் இது. ஸ்க்ரூ போதுமான அளவு இறுகியதும் 'கடகட'வென்று சத்தம் போட்டு முடுக்குவதை நிறுத்திவிடும். பார்ட்டிகிள் போர்டு ஃபர்னிச்சருக்குச் சின்ன எண்ணில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்க்ரூ உள்ளே சுற்றிச் சுற்றி ஓட்டையையே பெரிதாக்கிவிடும்.

*இரண்டு வேகம்:* ஸ்க்ரூவுக்குக் குறைந்த வேகம், துளைக்கு அதிக வேகம். இரண்டும் இருப்பது நல்லது.

*சக்:* பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி. வீட்டுக்கு 10 மி.மீ போதும், தச்சு வேலையில் ஆர்வம் இருந்தால் 13 மி.மீ.

*பிரஷ்லெஸ் மோட்டார்:* உள்ளே தேயும் கார்பன் பிரஷ் கிடையாது. சூடு குறைவு, பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும், விலை கூடும். மாதம் ஒருமுறை எடுப்பவர்களுக்குச் சாதாரண மோட்டாரே போதும்.

*பேட்டரி குடும்பம்:* ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலேயே 12 வோல்ட் பேட்டரி 18 வோல்ட் கருவிக்குச் சேராது. நாளை ரம்பமோ சாண்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால், அவையும் இதே பேட்டரியில் ஓடுமா என்று இன்றே கேளுங்கள். தனி பேட்டரி கிடைக்கிறதா, உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்பதும் முக்கியம். பேட்டரி செத்து, மாற்று கிடைக்காவிட்டால் டிரில் வெறும் காட்சிப் பொருள்தான்.

நிலவுக்கும் போன கருவி

பேட்டரியில் ஓடும் டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-ல் அறிமுகப்படுத்தியது. 1971-ல் அப்போலோ 15 வீரர்கள் நிலவின் தரையைத் துளைத்ததும் பேட்டரி டிரில்லால்தான். அங்கேயும் துளை நினைத்த ஆழத்துக்கு எளிதில் இறங்கவில்லை. 2005-க்குப் பிறகு லித்தியம் அயான் பேட்டரி பரவலானதும் எடை குறைந்தது, வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது.

மெயினை அணைத்துவிட்டுத் துளை போடலாம்

கார்ட்லெஸ் டிரில்லின் மிகப் பெரிய நன்மையைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை. இதற்குக் கரன்ட் வேண்டாம். ஆகவே, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே சுவரைத் துளைக்கலாம். இன்றைய வீடுகளில் ஒயர்கள் சுவருக்குள்தான் ஓடுகின்றன. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் துளை போடுவதைத் தவிர்க்க வேண்டும். பாத்ரூம், சமையலறைச் சுவர்களின் இரு பக்கத்திலும் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

* டைல்ஸில் ஹாமரை அணைத்துவிடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட்டால் மெதுவாகத் தொடங்குங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகே ஹாமர்.
* மரத்தில் ஸ்க்ரூவுக்கு முன் சிறு துளை அவசியம். 4 மி.மீ ஸ்க்ரூவுக்கு 2.5 முதல் 3 மி.மீ பிட். இதைச் செய்யாவிட்டால் மரம் விரியும்.
* சுவரில் திடீரென இரும்பு தட்டுப்பட்டால் அழுத்தாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.
* கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். துப்பட்டா, தளர்ந்த முடி, தொங்கும் சங்கிலி எதுவும் சக் அருகே வேண்டாம்.
* பேட்டரியை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். பல மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். ஆயுள் முடிந்தால் குப்பையில் போடாமல் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.

யாருக்கு எது?

கீல், கைப்பிடி, ஃபர்னிச்சர் மட்டும் என்றால் 12 வோல்ட் டிரில் டிரைவர். அதோடு செங்கல் சுவரில் படமும் அலமாரியும் மாட்ட வேண்டும் என்றால் ஹாமர் உள்ள 12 அல்லது 18 வோல்ட். விடுமுறை நாளில் மேஜை, ஸ்டூல் செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு 18 வோல்ட், இரண்டு பேட்டரியோடு.

டிரில்லுக்கே மொத்த பட்ஜெட்டையும் கொட்டிவிடாமல், நல்ல பிட் செட்டுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். முனை மழுங்கிய பிட்டை மாட்டினால் எந்த டிரில்லும் திணறத்தான் செய்யும்.