மாரிகாலத்துக் குரூகர் வனம்

ஆபிரிக்க வனவிலங்குகளைக் காணச் செல்லும் பிரயாணிகள் பெரும்பாலும் வறண்ட காலத்தையே நாடுவர். நீர் அருகிய அக்காலத்தில் விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளைச் சூழ்ந்து நிற்கும்; இலையுதிர்ந்த புதர்களும் பார்வையை மறையா. மாரிகாலமோ காட்சிக்கு ஒவ்வாத காலமென ஒதுக்கப்படுகின்றது. இக்கருத்து எவ்வளவு பொருத்தமுடையதென்பதைத் தென்னாபிரிக்காவின் வடகீழ் எல்லையிலுள்ள குரூகர் தேசிய வனத்தைக் கொண்டு ஆராயலாம்.

ஏறத்தாழ 19,500 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய இவ்வனத்தின் தென்பகுதி 1898ஆம் ஆண்டிலேயே விலங்குகளின் காப்பிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1926இல் அது தேசிய வனமாயிற்று. மறு ஆண்டில் முதற் பார்வையாளர் மூன்று மோட்டார் வண்டிகளில் வந்து சேர்ந்தனர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அமைந்தமையால், ஐரோப்பாவிற் குளிர் மிகும் மார்கழி, தை, மாசி மாதங்களே அங்கு கோடையாகும். அக்கோடையே மாரியுமாகும். இந்து சமுத்திரத்து ஈரக்காற்று வெப்பத்தால் மேலெழுந்து, பெரும்பாலும் பிற்பகலில், இடியுடன் கூடிய மழையாகப் பொழியும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் பங்குனி வரையுள்ள காலத்திலேயே கிடைக்கின்றது.

முதன்மழை வீழ்ந்ததும் வனத்தின் தோற்றம் மாறிவிடும். மண்ணிலிருந்து ஈசல்கள் எழும். சாணவண்டுகள் யானையின் இலத்தியை உருட்டிச் சென்று நிலத்தடியிற் புதைத்து மண்ணை வளமாக்கும். இப்பூச்சிப் பெருக்கம் பறவைகளை ஈர்க்கின்றது. ஐரோப்பாவிலிருந்து செங்கால் நாரையும் பனங்காடையும் பஞ்சுருட்டானும் வருகின்றன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் இம்பாலா மான்கள் சில வாரங்களுக்குள் ஏறக்குறைய ஒருங்கே குட்டி ஈனும். கொன்றுண்ணும் விலங்குகள் எத்துணை உண்டாலும் அவ்வளவு குட்டிகளையும் ஒரே காலத்தில் உண்டு தீர்த்தல் இயலாது. பிறப்பு ஒருங்கு நிகழ்தலே இனத்துக்குக் காப்பாகின்றது. தாய்க்குப் பாலூறுதற்கு வேண்டிய இளம்புல்லும் அப்பொழுதே தளிர்க்கின்றது.

இக்காலத்தில் விலங்குகள் சிதறிவிடுகின்றன என்பது உண்மையே. பள்ளங்கள் தோறும் நீர் நிற்பதால் அவை ஆற்றங்கரையை விட்டு அகன்று மேய்கின்றன. பிரயாணிக்குக் குறையாகத் தோன்றும் இச்சிதறலே வனத்தின் உயிர்நாடியாகும். கோடைமழையில் மந்தைகள் அகலுவதாலேதான் ஆற்றோரப் புல் மீண்டும் வளர்கின்றது.

இவ்வுண்மையைக் குரூகர் வனம் பெருவிலை கொடுத்தே கற்றது. விலங்குகள் தாகத்தால் வருந்தலாகாதென்னும் நல்லெண்ணத்தால், 1930களிலிருந்து குழாய்க் கிணறுகளும் அணைகளும் ஆங்காங்கு அமைக்கப்பட்டன. கிணறுகள் 300க்கு மேற்பட்டன. ஆயின், ஆண்டு முழுவதும் நீர் கிடைத்த வடபகுதிக்கு வரிக்குதிரைகள் பெருந்தொகையாய்ச் சென்றன. அவற்றைச் சிங்கங்கள் தொடர்ந்தன. மேய்ச்சலால் உயர்ந்த புல் குறுகியது. அப்புல்லை நம்பி வாழ்ந்த ரோன் என்னும் அரிய பெருமான் இனம், வறட்சியும் உடன்சேர, 1986இல் 450 அளவில் இருந்து 1993இல் 45 அளவுக்கு வீழ்ந்தது. அதன் பின்னர்க் கிணறுகள் பல மூடப்பட்டன. தாகந் தீர்க்க ஈந்த நீரே ஓரினத்தின் அழிவுக்கு வழிகோலிற்று.

மாரிகாலத்துச் செலவுக்கு எச்சரிக்கை இன்றியமையாதது. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இக்காலத்திற் பெருகுவதால், வைத்தியரின் ஆலோசனைப்படி தடுப்பு மருந்து உட்கொள்ளல் வேண்டும். மாலையில் உடல் முழுவதையும் மறைக்கும் ஆடை அணிதலும் நன்று. மழை மிகுந்தால் மண்பாதைகளும் தாழ்ந்த பாலங்களும் மூடப்படும். 2000ஆம் ஆண்டு மாசியிலும் 2013ஆம் ஆண்டு தையிலும் பெருவெள்ளம் தங்குமிடங்களுக்கும் பாலங்களுக்கும் சேதம் விளைத்தது. வெயில் ஏறுமுன் வைகறையிற் புறப்படுதலும், விரைந்து திரியாது ஓரிடத்திற் காத்திருத்தலும் பயன் தரும். உயர்ந்த புல்லின் நடுவே அசையும் ஒரு காதே சிறுத்தையின் இருப்பை உணர்த்தக்கூடும்.

வறண்ட காலத்தில் நீர்நிலையருகே அமர்ந்திருப்போன் பல விலங்குகளை எளிதிற் காண்பான். ஆயின் அவன் காண்பது அவற்றின் நெருக்கடியை. மாரியிற் செல்வோன் காணும் விலங்குகள் குறைவாயினும், அடுத்த வறட்சியைத் தாங்குதற்கு வனம் தன்னை ஆயத்தஞ் செய்துகொள்ளும் முறையை அவன் அறிவான். எண்ணிக்கையைத் தேடுவோர் வறண்ட காலத்திற் செல்க. வனத்தின் வாழ்வை அறிய விழைவோர் மாரியிற் செல்க.