பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிய பிறேக் குழாய்

வாகனத்தின் வேகத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனை நிறுத்தும் ஆற்றலைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. ஐரோப்பிய நாடுகளில் வாழும் நம்மவருள், பேருந்தும் தொடருந்தும் ஓய்ந்துவிட்ட நேரத்தில் வேலை முடித்து வீடு திரும்புவதற்கெனக் குறைந்த விலையில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி ஓட்டுவோர் உள்ளனர். வாங்கும்போது இயந்திரத்தின் ஒலியைக் கவனிக்கின்றோம். ரயரைத் தடவிப் பார்க்கின்றோம். ஆனால், பிடியிலிருந்து முன்சில்லுவரை இறங்கிச் செல்லும் கறுப்பு இறப்பர் குழாயை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நம் உயிர் தொங்குவதோ அந்தக் குழாயில்தான்.

ஊரில் நாம் கண்டு பழகிய ஹொண்டா சீ.டி. 90, எம்.டி. 90 போன்ற வண்டிகளில் இருந்தவை டிரம் பிறேக்குகள். முன்சில்லுக்கு ஒரு கம்பி, பின்சில்லுக்கு ஒரு தண்டு. தளர்ந்தால் மரையை இரண்டு சுற்று இறுக்கினாற் போதும். இங்கு நாம் வாங்கும் வண்டிகள் அவ்வாறானவை அல்ல. 1969இல் ஹொண்டா நிறுவனம் சீ.பி. 750 என்னும் வண்டியை முன்சில்லில் திரவ அழுத்தத்தால் இயங்கும் தட்டுப் பிறேக்குடன் பெருமளவில் விற்பனைக்கு விட்டது. பின்னர் அம்முறை எங்கும் பரவியது. இதில் இறுக்குவதற்கு மரை இல்லை. பழுது வெளியே தெரியாமல் உள்ளே வளரும்.

குழாய் ஏன் தளர்கின்றது?

பிடியை இழுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சிறிய முசலம் பிறேக் எண்ணெயைத் தள்ளுகின்றது. அந்த அழுத்தம் குழாய் வழியே சென்று, கலிப்பரில் உள்ள பெரிய முசலத்தை நகர்த்தித் தட்டினை இறுகப் பிடிக்கச் செய்கின்றது. திரவம் அமுங்காது, ஆனால் அதனைச் சுமந்து செல்லும் குழாய் விரியும். புதிய இறப்பர் குழாயினுள் உள்ள நூற்பின்னல் இவ்விரிவைக் கட்டுப்படுத்தும். ஆண்டுகள் செல்லச் செல்ல இறப்பர் இறுகி வெடிக்கின்றது, பின்னலும் தளர்கின்றது. அப்போது நாம் கொடுக்கும் விசையின் ஒரு பகுதி வண்டியை நிறுத்துவதற்குப் பதிலாகக் குழாயை ஊதச் செய்வதில் வீணாகின்றது. பிடி பஞ்சுபோல உணரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைவிட ஆபத்தான நிலையும் உண்டு. குழாயின் உட்சுவர் வீங்கித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். பிடியை இழுக்கும்போது எண்ணெய் செல்லும்; விட்டபின் திரும்பாது. பிறேக் விடுபடாமல் உராய்ந்து சூடேறும். வெளியே பார்த்தால் குழாய் நன்றாகவே இருக்கும். யப்பானிய நிறுவனங்களின் கைநூல்கள் பலவற்றில் பிறேக் குழாயை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எண்ணெயை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்றவேண்டுமெனக் கூறப்பட்டுள்ளது. 30 ஆண்டுப் பழமையான வண்டியில் தொழிற்சாலையில் பூட்டிய குழாயே இன்னும் இருப்பின், அதன் பொருள் என்ன என்பதை வாசகர்களே உணர்ந்துகொள்ளலாம்.

உருக்குப் பின்னற் குழாய்

இதற்கு மாற்றாகக் கிடைப்பதே துருப்பிடிக்காத உருக்கினால் பின்னப்பட்ட குழாய். ஜேர்மனியில் இதனை ‘ஸ்ரால்பிளெக்ஸ்’ என்றும், பிரித்தானியாவில் ‘பிறெய்டட் ஹோஸ்’ என்றும், பிரான்சில் ‘டுறிற் அவியாசியோன்’ என்றும் கேட்டு வாங்கலாம். இதன் உட்குழாய் ரெப்லோன் எனப்படும் பொருளால் ஆனது. 1938இல் அமெரிக்க இரசாயனவியலாளர் றோய் பிளங்கெற் தற்செயலாகக் கண்டறிந்த பொருள் இது. நமது அடுக்களையில் உள்ள ஒட்டாத தாச்சியின் மேற்பூச்சும் இதுவே. அதன்மேல் உருக்கு இழைகள் நெருக்கமாகப் பின்னப்பட்டிருப்பதால் குழாய் அழுத்தத்தால் விரிவது மிகக் குறைவு. இறப்பரைப்போல எளிதில் முதுமையடைவதுமில்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். இக்குழாய் பிறேக்கின் வலுவைப் பெருக்குவதில்லை. வீணாகிய விசையை மீட்டுத் தருகின்றது. பிடி உறுதியாகின்றது, எவ்வளவு இழுத்தால் எவ்வளவு பிடிக்கும் என்பது விரலுக்குத் தெரிகின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கின்றது. நனைந்த வீதியில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும்போது, தயக்கமின்றி அளவாகப் பிடிக்கும் பிறேக்கின் பெறுமதி அப்போதுதான் புரியும். ஆனால் தேய்ந்த ரயரையும், தேய்ந்த பிறேக் கட்டைகளையும், இறுகிப்போன கலிப்பர் முசலத்தையும் எந்தக் குழாயும் திருத்தாது. அவற்றை முதலில் சீர்செய்தல் வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க

வண்டியின் வகையையும் தயாரித்த ஆண்டையும் சரியாகக் கூறி அதற்கென அமைந்த தொகுதியையே வாங்குக. கைபிடி மாற்றப்பட்டு உயர்ந்திருப்பின் குழாயின் நீளமும் மாறும். யப்பானிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இணைப்பு மரை 10 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 இடைவெளியும் கொண்டது. இத்தாலியின் பிறெம்போ பிறேக்குகளில் இடைவெளி 1.0. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் மரை அழிந்துவிடும். பனிக்காலத்தில் வீதியில் உப்பிடும் நாடுகளில் வாழ்வோர், இணைப்பு முனைகளும் துருப்பிடிக்காத உருக்காலானவையா எனப் பார்த்தல் நன்று. பின்னலின்மேல் பிளாஸ்ரிக் உறை இருத்தல் வேண்டும். உறையற்ற பின்னல் அரம்போல் எண்ணெய்த் தாங்கியையும் வண்டிச் சட்டத்தையும் தேய்க்கும்.

பொருத்தும் முறை

தொழில் தெரிந்தவரே இதனைச் செய்யவேண்டும். எனினும் என்ன செய்யப்படுகின்றது என்பதை உரிமையாளரும் அறிந்திருத்தல் நலம்.

பிறேக் எண்ணெய் வர்ணத்தை அரிக்கும். ஆகவே எண்ணெய்த் தாங்கியைத் துணியால் மூடியபின்பே வேலையைத் தொடங்குதல் வேண்டும். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுக. பழைய குழாய் சென்ற பாதையைக் குறித்துக்கொண்டு கழற்றுக. ஒவ்வோர் இணைப்பிலும் முனையின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு புதிய வாசர்கள் இடுக. பழையவற்றை மீண்டும் பயன்படுத்தலாகாது. கைநூலில் கூறப்பட்ட அளவுக்கே முறுக்குவிசைச் சாவியால் இறுக்குக. பின்னர் கைபிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்க்கவேண்டும். முன்கவை முழுதாக நீளும்போதும் அமுங்கும்போதும் குழாய் இழுபடவோ, மடியவோ, சில்லில் உரசவோ கூடாது.

அடுத்தது காற்றை வெளியேற்றல். மாஸ்டர் சிலிண்டரின் கிண்ணத்தை எண்ணெயால் நிரப்புக. பிடியை இழுத்து, கலிப்பரில் உள்ள மரையைத் திறந்து, எண்ணெய் வெளிவந்ததும் மரையை மூடி, அதன்பின்னரே பிடியை விடுக. குமிழிகள் நிற்கும்வரை இதனைத் தொடர்தல் வேண்டும். கிண்ணம் வற்றினால் மீண்டும் தொடக்கத்திற்கே செல்லவேண்டியதுதான். டொட் 4 எண்ணெய் புதியதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சியபின் அவ்வெல்லை 155 பாகைவரை இறங்கலாம். எனவே திறந்து நெடுநாள் வைத்த போத்தலைப் பயன்படுத்தலாகாது. டொட் 5 என்பது சிலிக்கனாலான வேறு வகை. அதனை டொட் 4 உடன் கலத்தல் கூடாது.

வேலை முடிந்ததும் பிடி கல்போல் உறுதியாகும்வரை பலமுறை அழுத்துக. கசிவு இல்லையெனக் கண்டபின், வாகனமற்ற இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தே வீதிக்கு வருதல் வேண்டும். ஏ.பி.எஸ். பொருத்தப்பட்ட வண்டியாயின் பணிமனையிடம் ஒப்படைத்தலே முறை.

சட்டமும் ஆவணமும்

நம்மவர் பலர் இடறி விழுவது இங்கேதான். ஜேர்மனியில் இக்குழாய்க்கு ‘ஆ-பே-ஏ’ எனப்படும் பொது இயக்க அனுமதியோ, ‘ரைலெகுட்டாக்ரன்’ எனப்படும் உறுப்புச் சான்றறிக்கையோ இருத்தல் வேண்டும். முதலாவது ஆவணத்தை ஓட்டும்போது உடன் வைத்திருக்கவேண்டும்; இரண்டாவது உள்ளதாயின் பூட்டியவுடன் ரியூவ், டெக்ரா போன்ற பரிசோதனை நிலையத்தில் காட்டி உறுதிபெறல் வேண்டும். பொதியினுள் வரும் அந்தத் தாளைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். ஆவணமற்ற குழாயைப் பூட்டினால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாததாகிவிடக்கூடும். பிரித்தானியாவில் ஆண்டுப் பரிசோதனையில் பிறேக் குழாயும் சோதிக்கப்படுகின்றது; செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திற்கு அறிவித்தல் நன்று. பிரான்சிலும் 2024 ஏப்ரல் 15 முதல் மோட்டார் சைக்கிள்களுக்குப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

விபத்தொன்று நேர்ந்தால் மொழி அறியாதவனும் தாளில்லாதவனும் இருமடங்கு துன்புறுகின்றனர். வதிவிட அனுமதிக்காகக் காத்திருப்போருக்கு இத்தகைய சிக்கல் எத்துணைச் சுமை என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

ஒரு வண்டிக்கான குழாய்த் தொகுதியின் விலை பொதுவாக ஒரு சோடி புதிய ரயரின் விலையிலும் குறைவு. கடல் கடந்து, எல்லைகள் பல கடந்து காப்பாற்றிக் கொண்டுவந்த உயிரை வெடித்துப்போன ஓர் இறப்பர் துண்டிடம் ஒப்படைத்தல் தகாது. இந்த வார இறுதியில் வண்டியின் முன் குனிந்து, அந்தக் குழாயை ஒருமுறை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அதனை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.